பிள்ளை பிறந்தபின் திரும்பும் படம்

பலெர்மோ
இத்தாலி
10.03.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நானும் மகன் கஜானனும் மருமகள் கேசிகாவும் சுகம். கேசிகாவின் வயிற்றில் இருக்கிற ஆளுக்கு நாலாம் மாதம், அவரும் சுகமாம். உங்கள் பாடு எப்படி? மச்சாளின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா? உங்கள் காதைப் பற்றி மட்டும் நான் இனிக் கேட்கப் போவதில்லை. காதுக்கு மெசின் போடுங்கள் என்று எழுதி எழுதியே என் பேனை தேய்ந்துவிட்டது. போனில் நான் கத்த, நீங்கள் பதிலுக்குக் கத்த, ஒழுங்கை முழுவதற்கும் எங்கள் குடும்பக் கதை தெரிந்ததுதான் மிச்சம். வாட்ஸப்பும் வேண்டாம் என்கிறீர்கள். நீங்கள் தபால் அதிபராக இருந்து பென்சன் எடுத்ததற்கு நான் முத்திரை ஒட்ட வேண்டியிருக்கிறது.

சரி. ஒரு விசயத்தில் உங்கள் யோசனை வேண்டும்.

நான் வேலை பார்க்கிற வீட்டு அம்மா, சிஞ்ஞோரா நின்ஃபாவைப் பற்றி முன்பும் எழுதியிருக்கிறேன். பொலிதேயாமா தியேட்டருக்குப் பின்தெருவில் பெரிய வீடு, உள்ளே ஒரே ஒரு மனுசி. படுக்கைதான். காலையில் சாப்பிட்டதை மத்தியானம் மறந்துவிடுவார். 'நீ எனக்குப் பச்சைத் தண்ணீகூடத் தரேல்லை' என்று என் முகத்துக்கு நேரே சொல்வார். மகன் எத்தோரே தூரத்தில், வடக்கே தொரீனோவில் இருக்கிறார். நாள் தவறாமல் போன் எடுத்து அம்மா சாப்பிட்டாவா என்று என்னைக் கேட்பார். அம்மா இல்லை என்பார். நான் ஓம் என்பேன். எங்கள் இருவரில் யாரை நம்புவது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

சிஞ்ஞோராவின் கட்டிலுக்கு மேலே ஒரு சின்னப் பலகைப் படம் தொங்குகிறது. ஐந்நூறு வருசத்துப் பழசு என்கிறார்கள். யேசு பிறந்த காட்சி. மாதா முழங்காலில் நிற்கிறா. பிள்ளை வெறும் நிலத்தில் கிடக்கிறது, ஒரு துணிகூடச் சுற்றவில்லை. சூசையப்பர் நாடிக்குக் கை கொடுத்தபடி ஒரு மூலையில் குந்தியிருக்கிறார், எல்லா ஆம்பிளைகளையும் போல. மாடு ஒன்றுதான் பிள்ளையை ஒழுங்காகப் பார்க்கிறது. காலையில் நான் அதைக் கழற்றி சிஞ்ஞோராவின் மடியில் வைக்க வேண்டும். கொஞ்ச நேரம் தடவிக்கொண்டு இருப்பார். பிறகுதான் கோப்பி.

கேசிகா பிள்ளைத்தாய்ச்சி என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து கரைச்சல். அந்த வீட்டில் ஒரு வழக்கமாம். பிள்ளை பெறப்போகிற பெண்ணின் வீட்டுக்கு இந்தப் படம் போகவேண்டும். பிள்ளை பிறந்தபின்தான் திரும்பி வரவேண்டும். படம் திரும்பி வந்தால் பிள்ளை பிறந்துவிட்டது என்று அர்த்தமாம். ஆகவே நான் அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார், கால் ஊன்ற முடியாத மனுசி. சாப்பாட்டை மறக்கிறார், இதை மறக்கமாட்டேன் என்கிறார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. மகனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுக்கவா, அல்லது எடுக்காமலே விடவா? சுருக்கமாக எழுதுங்கள்.

அன்புத் தங்கை
சிவமலர்

கோப்பாய்
யாழ்ப்பாணம்
08.04.2024

அன்புத் தங்கச்சி மலருக்கு,

முருகன் அருளால் நாங்கள் இங்கே நலம். மச்சாளின் முழங்காலும் அவவின் வாயும் முன்போலவே இருக்கின்றன. உன் கடிதம் வந்து சேர நாலு கிழமை எடுத்தது. தவறு உங்கள் பக்கத்துத் தபாலில்தான். எங்கள் பக்கத்து முத்திரைகள் எல்லாம் ஒழுங்காகக் குத்தப்பட்டிருக்கின்றன, நான் பார்த்தேன்.

விசயத்துக்கு வருகிறேன். வயது போனவர்கள் மனமுவந்து தருவதை மறுப்பது முறையல்ல. அதுவும் பிள்ளைப்பேற்றுக் காரியம். எடுத்துக்கொண்டு போ.

மகனிடம் கேட்கத் தேவையில்லை. தபாலில் இரண்டு பேர்தான் உண்டு. அனுப்புகிறவர், பெறுகிறவர். பொருள் தாயுடையது, அனுப்புகிறவரும் தாய். இடையில் தொரீனோவில் இருக்கிற ஆளுக்கு என்ன வேலை?

இன்னொன்று. வேற்றுச் சமயத்துப் படம் என்று அதைச் சுவரில் அநாதையாகத் தொங்கவிடாதே. சாமித்தட்டில் கிழக்குப் பார்க்க வை. வெள்ளிக்கிழமைகளில் சந்தனமும் குங்குமமும் வை. எங்கள் வீட்டுக்குள் வந்த எந்தத் தெய்வமும் வெறும் நெற்றியோடு இருக்கக்கூடாது.

கேசிகாவை மாடிப்படி ஏறி இறங்க விடாதே. அன்னாசி கொடுக்காதே. மிச்சம் அடுத்த கடிதத்தில்.

உன் அண்ணன்
இராஜதுரை

பலெர்மோ
19.05.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் மச்சாளும் சுகமென்று நினைத்து எழுதுகிறேன். எங்கள் வீடு நாலாம் மாடியில் இருக்கிறது, லிப்ட் கிடையாது. கேசிகா படி ஏறாமல் இருக்கவேண்டும் என்றால் பிள்ளை பிறக்கும்வரை ஒன்றில் வீட்டிலேயே இருக்கவேண்டும் அல்லது தெருவிலேயே இருக்கவேண்டும்.

நீங்கள் சொன்னபடி படத்தைக் கொண்டுவந்துவிட்டேன். துவாயில் சுற்றி, மரக்கறிப் பையில் வைத்து, மேலே கத்தரிக்காய் போட்டு மூடி, பல்லாரோச் சந்தைக்குள்ளால் நடந்து வந்தேன். யாராவது இடித்திருந்தால் என் நெஞ்சு நின்றுபோயிருக்கும். சாமித்தட்டில் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில் வைத்திருக்கிறேன். இரண்டு பேரும் கொஞ்சம் விலகி இடம் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை பிள்ளையின் நெற்றியில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தேன். மாதாவுக்கும் வைக்கலாம் என்று பார்த்தேன். முக்காட்டுக்கு வெளியே தெரிகிற அவவின் நெற்றி மிளகளவு, விரல் பெரிதாகப் போய்விட்டது.

சிஞ்ஞோராவின் வீட்டுக்கு எதிர் வீட்டில் வேலை செய்கிற மாக்கிரட்டை உங்களுக்குத் தெரியும், மன்னார்ப் பக்கத்து வேதக்காரப் பிள்ளை. அவள் வந்து பார்த்துவிட்டு வாயில் கை வைத்தாள். 'அக்கா, யேசுபாலனுக்கும் பொட்டு வைச்சிட்டியளே?' என்றாள். நாங்கள் ஞாயிறு தவறாமல் மலை ஏறிப் புனித ரொசாலியாவைக் கும்பிடுகிறோம், அவ ஒருநாளும் குறை சொன்னதில்லையே என்றேன். மாக்கிரட் முகத்தை நீட்டிக்கொண்டு போனாள்.

சிஞ்ஞோரா காலையில் பழக்கத்தில் கை நீட்டுவார். மடியில் ஒன்றும் வராது. பிறகு தானாகவே, 'ஓம் ஓம், அது பிள்ளை வாற வீட்டிலை இருக்கு' என்று சொல்லிவிட்டுக் கோப்பி குடிப்பார். அதைக் கேட்க எனக்குச் சந்தோசமாகத்தான் இருக்கிறது.

அன்புத் தங்கை
சிவமலர்

பலெர்மோ
12.06.2024

அண்ணா,

நாங்கள் சுகம் என்று எழுத எனக்கு மனமில்லை. நீங்களாவது சுகமாக இருங்கள்.

நேற்று எத்தோரே சொல்லாமல் கொள்ளாமல் தொரீனோவில் இருந்து வந்து இறங்கினார். கூடவே ஒரு பெண், பழைய படங்களுக்கு விலை மதிக்கிறவளாம், கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கவிட்டிருந்தாள். நேரே கட்டிலடிக்குப் போனார்கள். சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

படம் எங்கே என்று என்னைக் கேட்டார். உங்கள் அம்மா என் மருமகளின் பேற்றுக்காகக் கொடுத்துவிட்டா, எங்கள் வீட்டில் இருக்கிறது என்றேன். அவர் தாயிடம் திரும்பி, நீங்கள் படத்தைக் கொடுத்தீர்களா என்று கேட்டார்.

சிஞ்ஞோரா அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, 'எந்தப் படம்?' என்று கேட்டார்.

அன்றைக்கு அவர் எத்தோரேயையும் டொக்டர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். அதை நான் சொல்லியும் யார் கேட்டார்கள்? எத்தோரே என்மேல் கத்தவில்லை, மெதுவாகத்தான் கதைத்தார். வெள்ளிக்கிழமைக்குள் படம் வராவிட்டால் குவெஸ்தூராவில், பொலிசில், எழுதிக் கொடுப்பாராம். என் பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் இருக்கிற அனுமதி, புதுப்பிக்கக் கொடுத்த கடதாசிகளும் அதே கட்டடத்தில்தான் கிடக்கின்றன. இத்தனை வருசம் அந்த வீட்டுத் திறப்புக் கோர்வை என் இடுப்பில் இருந்தது. ஒரு கரண்டி காணாமல் போனதில்லை. என்னைக் கள்ளி என்று அவர் வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான் மிச்சம்.

படத்தைக் கொடுத்தே ஆகவேண்டும். அதற்கு முன் ஈரத்துணியால் பிள்ளையின் நெற்றியைத் துடைத்துப் பார்த்தேன். சந்தனம் துடைத்ததும் போய்விட்டது. குங்குமம் போகமாட்டேன் என்கிறது. இன்னும் அழுத்தித் துடைத்தால் பிள்ளையின் நெற்றியே கையோடு வந்துவிடும்.

இந்தக் கடிதம் உங்களிடம் வந்து சேருவதற்குள் என் தலையில் எழுதினது நடந்து முடிந்திருக்கும். தபால்தான் வேண்டும் என்று நின்றீர்களே, அதுதான்.

சிவமலர்

கோப்பாய்
17.06.2024

அன்புத் தங்கச்சி மலருக்கு,

நாங்கள் நலம். உன் மே மாதக் கடிதம் இன்று கிடைத்தது. படம் பத்திரமாக வந்து சேர்ந்தது அறிந்து மகிழ்ச்சி. பார்த்தாயா, நான் சொன்னபடி செய்ததால் ஒரு வில்லங்கமும் இல்லை. படத்தைத் திருப்பிக் கொடுக்க அவசரப்படாதே. யாராவது கேட்டாலும் பிள்ளை பிறந்தபின் என்று சொல்.

மாதாவுக்கும் பொட்டு வைக்க வேண்டும். விரல் பெரிது என்றால் ஈர்க்குக் குச்சியால் வை.

உன் அண்ணன்
இராஜதுரை

கோப்பாய்
24.06.2024

மலர்,

இங்கே நலம். இது அவசரக் கடிதம்.

கூட்டுறவுச் சங்கக்கடையில் நிற்கும்போது ஒரு கதை கேட்டேன். உன்னுடைய அந்த மாக்கிரட் இங்கே இருக்கிற தன் சொந்தக்காரருக்குப் போனில் சொன்னதாம். நீ வேலை செய்கிற வீட்டில் விலைமதிப்பில்லாத படம் ஒன்று காணாமல் போய், அது உன் வீட்டில் இருந்ததாம். அந்தக் கிழவி தான் கொடுக்கவே இல்லை என்று மகனுக்கு முன்னால் சொன்னாவாம். நீ எனக்கு எழுதிய கதை வேறு, இங்கே வந்து சேர்ந்த கதை வேறு.

நான் மற்றவர்களின் பொருளைக் காவல் காத்துச் சம்பளம் எடுத்தவன். என் தங்கச்சி என்று ஊரில் தலை நிமிர்ந்து சொல்கிறவன். உண்மையை எனக்கு மட்டும் எழுது. கிழவி தந்தாவா, நீயாக எடுத்தாயா? எடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேள்.

இராஜதுரை

கோப்பாய்
20.07.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நானும் மச்சாளும் சுகம். உன் ஜூன் மாதக் கடிதம் கிடைத்தது. வாசித்தேன். மச்சாளும் வாசித்தா. வாசித்துவிட்டு என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. எனக்குக் காது கேட்காது என்பதால் முதல் நாள் அது எனக்குத் தெரியவில்லை.

கேசிகாவுக்கு எப்படி இருக்கிறது? வீட்டில் எல்லோரும் சுகமா? மகன்காரன் பொலிசுக்குப் போனானா? இங்கே இந்த வருசம் கறுத்தக்கொழும்பான் மா நன்றாகக் காய்த்தது. நீ இருந்திருந்தால் சாப்பிட்டிருப்பாய்.

பிள்ளை பிறந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. அதுவரை சாமிப்படம் எதையும் தொடாதே, அந்தப் படம் இன்னும் உன்னிடம் இருந்தால் அதையும்தான்.

பதில் போடு.

உன் அண்ணன்
இராஜதுரை

கோப்பாய்
05.09.2024

மலருக்கு,

சுகம். உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. தபாலில் பிழை இருக்க வழியில்லை, யாழ்ப்பாணம் பெரிய தபால் கந்தோருக்கே போய் விசாரித்தேன். என்ன குழந்தை என்றாவது எழுது. இங்கே கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் தெருவால் போகிறதையே குறைத்துவிட்டேன்.

அண்ணன்

பலெர்மோ
29.09.2024

அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகம். உங்கள் நாலு கடிதங்களும் வந்தன. மச்சாளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள், அந்த இரண்டு நாளுக்காக.

நடந்ததை எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன், அந்தக் கோபத்தோடேயே வாசியுங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை நானும் கஜானனும் படத்தைக் கொண்டுபோனோம். எத்தோரேயும் பூதக்கண்ணாடிக்காரியும் கட்டிலடியில் நின்றார்கள். நான் துவாயை அவிழ்த்தேன். எத்தோரேயின் கண் நேரே பிள்ளையின் நெற்றிக்குப் போனது. சிவப்பு அப்படியே இருந்தது. வந்திறங்கிய அன்று மெதுவாகக் கதைத்த ஆள் இப்போது சுவர் அதிரக் கத்தினார். ஐந்நூறு வருசம் ஒருவரும் கை வைக்காத படத்தில் நான் கை வைத்துவிட்டேனாம். கஜானன் இத்தாலியனில் பதிலுக்குக் கத்தினான். விலை மதிக்கிறவள் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்து, கவனமாகச் செய்தால் எடுக்கலாம் என்று சொன்னாள். அதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

எனக்கு அந்தச் சத்தத்துக்குள் என்ன செய்வதென்று தெரியவில்லை. சிஞ்ஞோரா கை நீட்டினார். நான் பழக்கத்தில் படத்தை அவர் மடியில் வைத்துவிட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். விரலால் தடவினார். பிறகு முகம் முழுக்கச் சிரிப்பாக என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் கதைத்தது சிசிலியன், நான் எங்கள் பாசையில் எழுதுகிறேன்.

'பிறந்திட்டுதே? பொடியனோ, பெட்டையோ?'

எத்தோரே வாயைத் திறந்தபடி நின்றார். அந்த வீட்டுப் பிள்ளை அல்லவா, கேள்வியின் அர்த்தம் அவருக்கு விளங்கும்.

'இன்னும் பிறக்கேல்லை, சிஞ்ஞோரா' என்றேன்.

அவருக்குச் சிரிப்புப் போய்க் கோபம் வந்தது. அப்படி ஒரு கோபத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை.

'பிறக்காமல் ஏன் கொண்டந்தனீ? பிள்ளை வாறதுக்கு முன்னம் இதை ஆரும் திருப்பிக் கொண்டந்ததில்லை. நான் உனக்கென்ன சொல்லித் தந்தனான்?'

மகன் கேட்டவர் என்று சொன்னேன். அவர் எத்தோரே பக்கம் திரும்பினார். இந்த முறை டொக்டர் என்று நினைக்கவில்லை.

'எத்தோரே, இது என்ரை கட்டிலிலை கிடக்கேக்கைதான் நீ பிறந்தனீ. கொண்டுபோய் அந்தப் பிள்ளையிட்டைக் குடு.'

எத்தோரே என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவருக்கு அது வராது. படத்தை எடுத்துத் தன் கோட்டில் சுற்றிக்கொண்டார். காரை எங்கள் ஒழுங்கைக்குள் விட முடியாமல் தெருமுனையில் நிறுத்திவிட்டு, நாலு மாடி ஏறி மூச்சிரைத்து வந்து, படத்தை எங்கே வைக்கவேண்டும் என்று கேட்டார். பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில் தானே வைத்தார். கேசிகா தேத்தண்ணி கொடுத்தாள். குடித்தார். அம்மா இருக்கும்வரை விற்கிற கதை இல்லை என்று கஜானனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஓகஸ்ட் இருபத்திரண்டில் பெண் குழந்தை பிறந்தது. கேசிகாவுக்குச் சுகப்பிரசவம். படத்தைப் பிரசவ அறைக்குள் விடமாட்டோம் என்றுவிட்டார்கள். கஜானன் அதை மடியில் வைத்துக்கொண்டு வெளியே வாங்கில் இருந்தான், சூசையப்பர் மாதிரி.

துடக்கு என்று எழுதியிருந்தீர்கள். நான் மூன்றாம் நாளே படத்தை சிஞ்ஞோராவிடம் கொண்டுபோய்விட்டேன். அந்தப் படத்தில் இருக்கிற பிள்ளையும் அப்போது பிறந்ததுதான். தாய் இன்னும் முழுகவில்லை, மாட்டுக்கொட்டில் இன்னும் கழுவவில்லை. அங்கே யாருக்கு யார் துடக்கு?

சிஞ்ஞோரா மடியில் வாங்கி, பொடியனோ பெட்டையோ என்று கேட்டார். பெட்டை என்றேன். கையைத் தட்டிச் சிரித்தார். அடுத்த நாளும் கேட்டார். இன்று காலையும் கேட்டார். நான் பெட்டை என்று சொல்ல, இன்றைக்குத்தான் கேட்பதுபோல அதே சிரிப்பு. பிள்ளையின் நெற்றிச் சிவப்பை அழிக்கலாமா என்று எத்தோரே போனில் கேட்டதற்கு, அது பிறந்த பிள்ளைக்கு வைத்தது, தொடாதே என்று சிஞ்ஞோராவே சொல்லிவிட்டார்.

இனி உங்கள் விசயம். படத்தை எடு என்றது நீங்கள். மகனிடம் கேட்காதே என்றது நீங்கள். குங்குமம் வை என்றதும் நீங்கள்தான். போனில் என் குரல் கேட்காத உங்கள் காதுக்கு மாக்கிரட்டின் கதை சங்கக்கடையில் நின்றே கேட்டிருக்கிறது. கேட்டதோடு நிற்காமல், நீயாக எடுத்தாயா என்று முத்திரை ஒட்டி என்னைக் கேட்டீர்கள்.

சிஞ்ஞோரா நின்ஃபாவுக்குத் தன் மகனின் முகம் மறந்துபோகிறது. சாப்பிட்டது மறந்துபோகிறது. எந்தப் படம் என்றுகூடக் கேட்டுவிட்டார். ஆனால் நீ எடுத்தாயா என்று அந்த மனுசி என்னை ஒருநாளும் கேட்கவில்லை. உங்களுக்கு ஞாபகசக்தி நன்றாகத்தான் இருக்கிறது, அண்ணா. நான் யார் என்பது உங்களுக்கு எப்படி மறந்தது?

சிவமலர்

கோப்பாய்
30.10.2024

தங்கச்சிக்கு,

நாங்கள் இருக்கிறோம். பேத்தி பிறந்த செய்தி பெரிய சந்தோசம். கேசிகாவுக்கும் கஜானனுக்கும் எங்கள் ஆசி.

உன் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். சங்கக்கடைக்குப் போய், அன்றைக்குக் கதைத்தவர்கள் இருக்கும் நேரமாகப் பார்த்து, பொடியனோ பெட்டையோ என்று சிஞ்ஞோரா கேட்டதை வாசித்துக் காட்டினேன். எனக்குக் காது கேட்காததால் கொஞ்சம் உரத்துத்தான் வாசித்திருக்கிறேன் போல, பக்கத்தில் மீன் வாங்க வந்தவர்களும் நின்று கேட்டார்கள்.

மலர், நான் அதைக் கேட்டிருக்கக்கூடாது. நீ எடுத்திருக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் கேட்டேன். ஊரின் வாய்க்குப் பயந்து கேட்டேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. இப்படி ஒன்றை நான் எழுதி அனுப்பினேன் என்பது யாருக்கும் தெரியவேண்டாம்.

உனக்குச் சொல்ல இந்த முறை என்னிடம் யோசனை ஒன்றும் இல்லை.

உன் அண்ணன்
இராஜதுரை

பலெர்மோ
24.11.2024

அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். சின்னவளுக்குச் சாம்பவி என்று பெயர் வைத்திருக்கிறோம், குப்புறப் புரளுகிறாள். சிஞ்ஞோராவும் இருக்கிறார், இன்றும் கேட்டார்.

கடிதத்தைக் கிழிக்கமாட்டேன். அது என் பெயருக்கு வந்த கடிதம். பெறுகிறவரின் கையில் சேர்ந்தபின் அனுப்புகிறவருக்கு அதில் உரிமை இல்லை என்று நீங்கள்தான் எனக்குச் சின்ன வயதில் சொல்லித் தந்தீர்கள்.

எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. அது போகும்போது போகட்டும். அதுவரைக்கும் நீங்கள் எழுதிக்கொண்டே இருங்கள்.

தங்கை
மலர்